தராசு யாருக்குக் கணக்குச் சொல்கிறது?

அலுவலகக் கணக்கு வேலைக்கென்றே உலகில் முதன்முதலாகக் கட்டப்பட்ட கணினி ஒரு தேநீர்க் கம்பனிக்குச் சொந்தமானது. பிரித்தானியாவில் இருநூறுக்கும் மேற்பட்ட தேநீர்க்கடைகளை நடத்திவந்த ஜே. லயன்ஸ் கம்பனி, தன் லண்டன் தலைமையகமான கேட்பி ஹாலில் அதைக் கட்டியது. பெயர் லியோ. ஒரு கோப்பைத் தேநீரிலும் ஒரு பணிஸிலும் கிடைக்கும் இலாபம் பென்னியில் சிறு பங்குதான். அந்த விற்பனையின் பின்னால் எழுதவேண்டிய சிட்டைகளுக்கோ அளவில்லை. எழுதுவினைஞர் செலவு இலாபத்தைத் தின்றுவிடாமல் காக்க என்ன வழி என்று பல ஆண்டுகள் யோசித்தவர் கம்பனியின் கணக்குத் தலைவர் ஜோன் சிமன்ஸ். 1947இல் தொம்சன், ஸ்டாண்டிங்ஃபோர்ட் என்ற இரு அலுவலர்கள் அமெரிக்கா போய் அங்கிருந்த புதிய கணிப்பொறிகளைப் பற்றி விசாரித்துத் திரும்பினார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகிக்கொண்டிருந்த எட்சாக் கணினிக்கு லயன்ஸ் 3,000 பவுணும் ஓர் ஆளும் கொடுத்து உதவியது. எட்சாக் 1949 மே மாதம் ஓடியது. அதன் வடிவத்தைப் பின்பற்றிய லியோ, 1951 நவம்பரில் கம்பனியின் வெதுப்பகக் கணக்கைப் பொறுப்பேற்றது.

1954இல் சம்பளப் பட்டியலும் லியோவிடம் வந்தது. தேர்ந்த எழுதுவினைஞர் ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கூட்டிக் கழித்துப் போட எட்டு நிமிடம் எடுத்தார். லியோ ஒன்றரைச் செக்கனில் முடித்தது. பிறகு தேயிலைக் கலவைக் கணக்கும் அதே பொறியில் ஏறியது: எந்த ஏலத்தில் என்ன விலைக்கு வாங்கிய தூள், எந்தக் கலவையில் எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. லண்டன் ஏலத்துக்கு இலங்கைத் தேயிலையும் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஹட்டன் பக்கத்து மலையொன்றில் கிள்ளிய கொழுந்து, லியோவின் பாதரசக் குழாய் நினைவகத்துக்குள் ஓர் எண்ணாகப் புகுந்து வெளியேறியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

அதே 1951இல் அந்த மலையின் கணக்கு பென்சிலில் நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் அங்கே வேலை செய்த மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் நாடற்றவராகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அரசின் ஏட்டில் அவர்களுக்கு இடமில்லை; தோட்டத்தின் ஏட்டில் மட்டும் இருந்தது. செக்ரோல் என்கிற அந்தப் பெரிய புத்தகத்தில் ஆளுக்கு ஒரு வரி, நாளுக்கு ஒரு கட்டம். காலையில் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, மாலையில் கொழுந்து நிறுத்து, குறித்த அளவு இருந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். மாத முடிவில் பேர்களைக் கூட்டி, அரிசி-மாவுக் காசு, முற்பணம், கோயில் காசு, டோபி, சங்கச் சந்தா, பின்னாளில் ஊழியர் சேமலாப நிதி என்று ஒவ்வொன்றாகக் கழித்து, எஞ்சியதை உறையில் போட்டுக் கொடுப்பார்கள். இதற்கும் முந்திய தலைமுறைக்கு இன்னொரு தாள் இருந்தது. கங்காணிக்கும் அவர் ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் துண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அவரைப் பற்றிய தகவலாக அவரோடு போனது அந்தக் கடன் மட்டுமே. 1921இன் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது.

மலையகத்தின் தொழில்நுட்ப வரலாறு என்றால் ரயில், தொழிற்சாலை உருளைகள், ஒபீசில் ஒலித்த தொலைபேசி என்றுதான் எழுதுவது வழக்கம். என் கண்ணுக்கு அந்த வரலாற்றின் நடுத்தண்டு கணக்குத்தான். யார் எழுதுகிறார்கள், யார் பார்க்கிறார்கள், யாருக்கு மறுத்துப் பேச இடமிருக்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்தால், கணினி இந்தத் தொழிலுக்குள் மேலிருந்து கீழே இறங்கிவந்த வழி தெரியும். லண்டனில் இருந்த வியாபாரியிடம் முதலில் வந்தது. கொழும்பு ஏலத்துக்கு வர ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் பிடித்தன.

ஏலத்தின் கதை சுவையானது. கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30இல் சமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் நடந்தது. அன்றிலிருந்து 137 ஆண்டுகளாக ஒரே முறை: தரகர் மேடையில் நிற்பார், வாங்குவோர் முன்னால் அமர்ந்து விலை கூவுவார்கள், சுத்தியல் விழும். இதைக் கணினிக்கு மாற்றலாமா என்ற பேச்சு பல ஆண்டுகள் ஓடியது. மாற்றினால் கண்ணோடு கண் பார்த்து விலை படிக்கும் கலை செத்துவிடும் என்றார்கள், சிறு வாங்குவோர் திணறுவார்கள் என்றார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஊரடங்கு வந்தது. தூள் கிடங்கில் தேங்கினால் தோட்டத்துக்குச் சம்பளம் போடக் காசிருக்காது, நாட்டுக்கு டொலர் வராது. ஏப்ரல் 4ஆம் திகதி ஏலம் இணையத்தில் நடந்தது. ஆண்டுக்கணக்கில் முடியாதென்று இருந்தது சில வாரங்களில் முடிந்தது; இன்றும் ஏலம் திரையில்தான். வேண்டும் என்று வந்துவிட்டால் தொழில்நுட்பம் எவ்வளவு விரைவாக நகரும் என்பதற்கு இலங்கையில் இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

அந்த ஊரடங்கில் தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு இருந்தது. கூவி விலை கேட்டவர் வீட்டிலிருந்து பொத்தானை அழுத்தினார். கொழுந்து எடுத்தவர் வழக்கம்போல மலைக்குப் போனார். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் அவர் பிள்ளைக்கு வகுப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. லயத்தில் ஒரு கைத்தொலைபேசி, அதற்கு மூன்று பிள்ளைகள், சிக்னல் கிடைக்க மேட்டுக்கு ஏறவேண்டும் என்கிற செய்திகள் அந்த இரண்டு ஆண்டுகளில் நிறைய வந்தன. தொகைமதிப்புத் திணைக்களத்தின் கணினி அறிவுக் கணக்கெடுப்புகளில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று வரிசை உண்டு. தோட்டம் எப்போதும் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

ஆனால் தோட்டத்தில் கருவி இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. கொழும்பில் கடையில் நிற்கும் மகன் தன் பழைய ஸ்மார்ட்போனை வீட்டுக்குக் கொடுக்கிறான்; அதில் மாமியார் யூடியூபில் சீரியல் பார்க்கிறார், பேரன் ஃப்ரீ ஃபயர் ஆடுகிறான், மருமகள் வளைகுடாவில் இருக்கும் தங்கையோடு ஐமோவில் முகம் பார்த்துப் பேசுகிறாள். ஹட்டன், தலவாக்கலை நகரங்களில் உடைந்த திரை மாற்றும் கடைக்கும் ரீலோட் போடும் கடைக்கும் ஆள் குறைவதில்லை. 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செய்மதி இணையமும் நாட்டுக்குள் வந்தது. கருவிப்பெட்டி மட்டும் ஒரு இலட்சத்துப் பதினெட்டாயிரம் ரூபா அளவில் இருந்தது. அப்போதைய அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. எண்பத்தேழு நாள் உழைப்பு முழுதாகப் போனாலும் பெட்டி வீட்டுக்கு வராது. அதைத் துரை பங்களாவுக்கான சாதனமாகவே வைத்துக்கொள்வோம். மலையில் கொழுந்து எடுப்பவரின் வருமானத்தைத் தொடும் புதிய கருவி வேறொன்று, அது அவருடையதும் இல்லை: மின்னணுத் தராசு.

கடந்த சில ஆண்டுகளில் பல பெருந்தோட்டக் கம்பனிகள் இதை மலைக்குக் கொண்டுவந்துவிட்டன. தொங்கும் கொக்கிக்கு மேலே சிறிய பெட்டி. உள்ளே பாரம் ஏறும்போது இம்மியளவு வளையும் உலோகக் கட்டை. அதில் ஒட்டிய மெல்லிய கம்பிப் பின்னலின் மின்தடை அந்த வளைவுக்கேற்ப மாறும். மாற்றத்தைச் சில்லு எண்ணாக்கும். எண் புளூடூத் வழியாக வெளிக்கள அலுவலரின் கையில் இருக்கும் கருவிக்குப் போகும். தொழிலாளியின் இலக்கத்தை அதில் அழுத்தினாலோ, அவர் அட்டையைக் காட்டினாலோ, இன்னாருக்கு இத்தனை கிலோ என்று பதிவாகும். சிக்னல் இல்லாத மலையிலும் வேலை செய்யும். ஒபீசுக்குத் திரும்பியதும் எல்லாம் மொத்தமாகக் கணினிக்குள் இறங்கும். மாதக் கடைசியில் செக்ரோலைக் கூட்ட ஆள் உட்காரத் தேவையில்லை.

கம்பனிகள் சொல்லும் நன்மைகள் பொய்யல்ல. எந்த மலையிலிருந்து எவ்வளவு கொழுந்து வருகிறது என்று தொழிற்சாலைக்கு முன்கூட்டியே தெரிந்தால் வாட்டும் தொட்டிகளை அதற்கேற்ப ஒழுங்குபடுத்தலாம். வேண்டியவருக்கு ஒரு கிலோ கூட்டி வேண்டாதவருக்கு ஒரு கிலோ குறைத்து எழுதும் பழைய விளையாட்டுக்கும் இடம் குறைகிறது. கணக்கப்பிள்ளையின் பென்சிலில் தன் கிலோ தேய்ந்துபோனதாகக் குமுறிய தலைமுறை மலையகத்தில் உண்டு; அவர்களில் பலர் இந்தத் தராசை வரவேற்றார்கள் என்றால் காரணம் இருக்கிறது.

சிக்கல் கழிவில் இருக்கிறது. மழை நனைத்த இலைக்கு, சாக்குக்கு, முற்றிய இலைக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கொஞ்சம் கழிப்பது தோட்ட வழக்கம். எவ்வளவு கழிப்பது என்பது பழைய காலந்தொட்டே சண்டைக்குரிய விஷயம். பழைய தராசில் அந்தச் சண்டை வாய்விட்டு நடந்தது. முள் எங்கே நிற்கிறது என்பதை வரிசையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள், நிறுப்பவர் எண்ணைச் சத்தமாகச் சொன்னார், "இன்னைக்கு வெயில்தானே, எதுக்குங்க ரெண்டு கிலோ கழிக்கிறீங்க?" என்று ஒருத்தி கேட்டால் பின்னால் நின்ற பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். தோற்றாலும் எவ்வளவு போனது என்று தெரிந்து தோற்றார்கள். மின்னணுத் தராசில் கழிவு ஓர் அமைப்பு. ஒருவர் ஒருமுறை அதைக் கருவிக்குள் இட்டால் போதும், அதன்பின் ஒவ்வொரு நிறுவையிலும் அது தானாகக் கழியும். திரையில் தெரிவது கழித்த பிறகு வரும் எண்ணாக இருந்தால், வாக்குவாதம் செய்ய எதுவும் கண்முன் இல்லை. பிழையாக நிறுக்கும் தராசைவிடச் சரியாக நிறுத்து, சொல்லாமல் கழிக்கும் தராசோடு வாதாடுவது கடினம்.

இதைக் காசாக்கிப் பார்க்கலாம். 2024 செப்டம்பரில் சம்பள நிர்ணய சபை அடிப்படை நாட்சம்பளத்தை 1,350 ரூபாவாக உயர்த்தியபோது, குறித்த அளவுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் 50 ரூபா என்றும் ஆனது. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் நியாயமான கழிவைவிட அரைக் கிலோ அதிகமாகப் போனால் நாளுக்கு ஒன்றரைக் கிலோ, 75 ரூபா. மாதம் 22 நாள் வேலைக்குப் போனவருக்கு 1,650 ரூபா. ஒரு முழு நாட்சம்பளத்துக்கும் மேல். அந்த ஒன்றரைக் கிலோவால் குறித்த அளவு தவறி அரைப்பேர் விழுந்தால் அன்றைய இழப்பு மட்டும் 675 ரூபா. இப்படி நடக்கிறது என்று நான் எந்தத் தோட்டத்தையும் குற்றம் சாட்டவில்லை. நடந்தால் தொழிலாளிக்குத் தெரியவராது, நடக்கவில்லை என்றாலும் அவரால் உறுதியாக நம்ப முடியாது; இரண்டும் சேர்ந்ததுதான் பிரச்சினை. நிலையான நாட்கூலியை விட்டு, எடுக்கும் கிலோவுக்கேற்ற சம்பளத்துக்குப் போகவேண்டும் என்று கம்பனிகள் பல ஆண்டுகளாக வாதாடுகின்றன. அந்தத் திசையில் எவ்வளவு நகர்கிறோமோ அவ்வளவுக்குத் தராசின் எண் கனமாகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரத் தராசுகளை அளவீட்டு அலகுகள் திணைக்களம் சோதித்து முத்திரை இடுகிறது. பத்துக் கிலோவை வைத்தால் பத்து என்று காட்டுகிறதா என்பது அந்தச் சோதனை. காட்டிய பத்திலிருந்து எதைக் கழிப்பது என்பதை முத்திரை கேட்பதில்லை. அது தொழில் உறவுக்குள் அடங்கிய விஷயம் என்று விடப்பட்டிருக்கிறது. பழைய தராசுக்கு இந்தப் பிரிவினை பொருந்தியது, ஏனென்றால் கழிவு தராசுக்கு வெளியே நடந்தது. இப்போது நிறுப்பதும் கழிப்பதும் ஒரே பெட்டிக்குள்.

கென்யாவைப் பார்த்தால் இது தீர்க்க முடியாத சிக்கல் இல்லை என்று புரியும். அங்கே தேயிலையில் பெரும்பங்கு சிறு விவசாயிகளுடையது. அவர்கள் கொழுந்தை வாங்கிப் பதப்படுத்துவது கென்யத் தேயிலை அபிவிருத்தி முகவரகம். கொள்முதல் நிலையங்களில் விவசாயிகளின் கிலோ காணாமல் போகிறது என்ற முறைப்பாடு அங்கேயும் பழையது. மின்னணுத் தராசு வந்தபோது அதோடு சேர்த்து ஒரு சிறு அச்சுப்பொறியும் வந்தது. நிறுத்தவுடன் விவசாயியின் கையில் ரசீது. இத்தகைய கொள்முதல் முறைமைகளை உருவாக்கிய நைரோபியின் வெர்ச்சுவல் சிட்டி என்ற மென்பொருள் நிறுவனம், தன் சரக்கு விநியோக முறைமைக்காக 2010இல் நோக்கியாவின் போட்டியொன்றில் பத்து இலட்சம் டொலர் முதலீட்டைப் பரிசாக வென்றது. இத்தனைக்கும் அங்கே பயன்பட்டதும் இதே புளூடூத், இதே கைக்கருவி. கென்ய விவசாயி விற்பவர். விற்பவருக்கு ரசீது கொடுப்பது உலக வழக்கம். நம் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர் சம்பளக்காரர். சம்பளக்காரருக்கு மாதம் ஒரு சீட்டுப் போதும் என்பது துரைமார் காலத்து வழக்கம். தடையாக இருப்பது பழைய அந்தஸ்துக் கணக்கு, அதற்குத் தொழில்நுட்பத்தில் பதில் தேடிப் பயனில்லை.

அச்சுப்பொறிகூட வேண்டாம், வீட்டில் கைத்தொலைபேசி இருக்கிறதே. குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தென்றால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் அனுப்பினால் யுனிகோட் காரணமாக 70 இடமாகக் குறையும். அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனி இடம் போகும். தமிழில் செய்தி அனுப்பாததற்கு இதைச் செலவுக் காரணமாகச் சொல்லும் நிறுவனங்கள் உண்டு. சரி, எண்ணிப் பார்ப்போம்: "காலை 9.2 பகல் 8.6 மாலை 7.4 கழிவு 1.5 நிகரம் 23.7". இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 48 இடம். ஒரே செய்தி, ஒரு நாளின் முழுக் கணக்கு, இன்னும் 22 இடம் மிச்சம். தமிழ் எழுத்துக் காட்டும் பொத்தான் போனிலும் அது வந்து விழும். மாலையில் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை அதை வாசித்துச் சொல்லும். மாதம் முடிந்ததும் கூட்டிப் பார்க்க முடியும். ஃப்ரீ ஃபயரில் தன் புள்ளிகளைக் கணக்குப் பார்க்கும் பிள்ளைக்கு அம்மாவின் கிலோவைக் கூட்டுவது பெரிய வேலை இல்லை.

தன்னைப் பற்றிய தரவைத் தானே பார்க்கும் உரிமை என்பது மற்ற இடங்களில் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. ஊபர், ஓலா நிறுவனங்களின் சாரதிகள், தங்களுக்கு எந்த அடிப்படையில் சவாரி ஒதுக்கப்படுகிறது, கணக்கு ஏன் முடக்கப்பட்டது என்று கேட்டு ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின்கீழ் வழக்குப் போட்டார்கள். 2023 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மேன்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பாலும் அவர்கள் பக்கம் தீர்த்தது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, தன் தரவைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. நடைமுறைக்கு வரும் திகதிதான் தள்ளித் தள்ளிப் போனது. தொழிலாளியின் இலக்கத்தோடு சேர்த்துப் பதிந்த கிலோ அவருடைய தனிநபர் தரவு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தத் தொழிற்சங்கமாவது அந்தக் கேள்வியை எழுப்பவேண்டும். சங்கங்களின் பேச்சு பல தசாப்தங்களாக நாட்சம்பளத் தொகையைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது: ஆயிரம் ரூபா, ஆயிரத்து எழுநூறு ரூபா. தொகையை எந்த எண்ணால் பெருக்கவேண்டும் என்பதில் அவ்வளவு அக்கறை காணோம். சந்தாவும் அதே செக்ரோலில்தான் கழிந்துவந்தது என்பதால் அந்தப் புத்தகத்தை உரசிப் பார்க்கச் சங்கங்களுக்கும் தயக்கம் இருந்திருக்குமோ என்று நினைப்பதுண்டு.

தரவு ஒருமுறை தவறாக எழுதப்பட்டால் என்ன ஆகும் என்பது மலையகத்துக்குப் புதிதல்ல. பிறப்புப் பதிவில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் மூன்றாவது பெயர் என்று, தமிழ் தெரியாத எழுதுவினைஞர் காதில் விழுந்ததை எழுதிய காரணத்தால், சேமலாப நிதி வாங்க முதுமையில் சத்தியக்கடதாசியோடு அலைந்தவர்கள் எத்தனையோ பேர். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதம் தோட்ட ஒபீசுக்குப் போவது இன்னொரு பழங்கதை. இந்திய உதவியோடு வரவிருக்கும் டிஜிட்டல் அடையாள அட்டை இந்த மூன்று பெயர்களில் எதை எடுத்துக்கொள்ளும் என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம். தவறு ஒரு புத்தகத்தில் இருந்தால் அதைத் திருத்த ஒரு மேசைக்குப் போனால் போதும். ஐந்து கணினிகளுக்குப் பரவிவிட்டால் எந்த மேசைக்குப் போவது?

2025 நவம்பர் வரவு-செலவுத் திட்டம் இந்தக் கணக்கில் புதிய ஆளைச் சேர்த்தது. நாட்சம்பளத்தை 2026 ஜனவரி முதல் 1,550 ரூபாவாக்குவதோடு, வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் 200 ரூபா வரவு ஊக்குவிப்பை அரசே கொடுக்கும் என்று முன்மொழிந்து, அதற்கு 5,000 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் இரண்டரைக் கோடி நாட்பேர். ஆளுக்கு மாதம் 20 நாள் என்றால் ஏறக்குறைய ஒரு இலட்சத்து நாலாயிரம் பேருக்கு ஓராண்டுப் பணம். அந்த மாத இறுதியிலேயே டித்வா புயல் வந்து நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகளைச் சரித்தது. பல இடங்களில் வீதியும் மின்சாரமும் தொலைபேசியும் அறுந்தன. வழி இல்லாததால் பிரட்டுக்கு வரமுடியாத நாள் வரவா, வரவில்லையா? அரைப்பேர் விழுந்த நாளுக்கு 200 ரூபா முழுதாக வருமா, பாதியா? பதில் எதுவானாலும் அது கம்பனியின் செக்ரோலிலிருந்துதான் திறைசேரிக்குப் போகும். பொதுப்பணம் அந்த ஏட்டை நம்பி வெளியே போவதால், அதைத் திறந்து பார்க்கும் உரிமை கணக்காய்வாளர் நாயகத்துக்கும் பிறக்கிறது. அவர் பார்க்கக் கேட்கும்போது, வரவுக் கட்டத்துக்கு அடுத்த கட்டத்தில் இருக்கும் மொத்த நிறை, கழிவு, நிகர நிறை மூன்றையும் தனித்தனியாகக் கேட்கலாம். கருவிக்குள் மூன்றையும் பிரித்து வைக்க இடமிருக்கிறது.